அடுத்த பாரம்

மேலப்பாளையம் எடைக்கடையில் கிடைத்தது,
கிலோ பதினெட்டு ரூபாய்.
அட்டை கிடையாது. முதல் தாளில் கோணலாக
'மெய்ப்பு. விற்பனைக்கு அல்ல.'
"இதுல என்னவே இருக்கு, இப்படித் தடவுதீரு?"
என்றார் பீர்முகம்மது.

நூற்றுத் தொண்ணூற்றிரண்டாம் பக்கம்.
செண்பகவடிவு குறுக்குத்துறையில்
முழங்கால் தண்ணீர்வரை இறங்குகிறாள்.
நிற்கிறாள்.
திரும்பி வந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு
பாபநாசம் பஸ்ஸைப் பிடிக்க ஓடிகிறாள்
(அச்சுப்பிழை அப்படியே).
ஓரத்தில் சிவப்பு மை: மூழ்கட்டும்.

கடையில் விற்கும் புத்தகத்தில் மூழ்கிவிட்டாள்.
ஏழு பதிப்பு. ஒரு பரிசு.

யார் சொன்னார்களோ, எழுதியவர் கூப்பிட்டார்.
கேட்ட விலை தருவாராம், அந்த ஒரு தாளுக்கு.
கரையான் தின்னுட்டு சார், என்றேன்.
கொஞ்சநேரம் மூச்சு மட்டும்.
"நல்லதாப் போச்சு."
வைக்கவில்லை போனை.
நானும்.

பீரோவில் நாற்பத்தொரு மெய்ப்புகள் இருக்கின்றன,
பாலித்தீன் உறை, உள்ளே வசம்புத்துண்டு.
இது மட்டும் தலையணைப் பக்கம்.

பஸ் ஏறினாளா?
தெரியாது. பன்னிரண்டாம் பாரத்தோடு
நூல் அறுந்திருக்கிறது.
பதினாறு பக்கம்.
ஞாயிறுதோறும் பீர்முகம்மதின் மூட்டைகளைப்
பிரித்துக்கொண்டிருக்கிறேன்,
தும்மித் தும்மி.