பிந்திச் சிரித்தவள்

சிரிப்பு எங்கே இருக்கிறதென்று
பார்த்தே சொல்லிவிடுவேன்.
பதினாறு அங்குலத் தட்டை விளக்கடியில் சாய்த்தால்
பேச்சு ஓடிய இடம் கறுப்பு,
கூட்டம் வெடித்த இடம் சாம்பல் வளையம்.
அரை மணிக்கு இருபத்தேழு வளையம் என்றால்
நல்ல சரக்கு.

முஹர்ரக் விமானத்தளம். ஐம்பத்திரண்டு, ஆகஸ்ட்.
பாட்டரி அறையை ஒட்டிய பலகைக் கொட்டில்தான் நிலையம்.
அறிவிப்பு சார்ஜென்ட் பிளைத்.
ஊசி மாற்றுவது, தட்டு திருப்புவது
தூத்துக்குடி சவரிராயன், சிவிலியன்,
இரண்டாம் நிலை மெக்கானிக்.
ஐஸ் பாளத்தைச் சாக்கில் சுற்றி வந்து
தகரத் தொட்டியில் இறக்குபவன் ஈசா.
மைக் திறந்திருந்தால் மின்விசிறி கூடாது.
மைக் எந்நேரமும் திறந்தேதான் இருக்கும்:
பிளைத்துக்கு எப்போது என்ன சொல்லத் தோன்றும்
என்று பிளைத்துக்கே தெரியாது.

காலை ஏழுக்குத் துள்ளல் இசை.
லண்டன் ஆலைப் பெண்கள் கை ஓயாதிருக்க வாசித்தது;
இங்கே அதன் தாளத்தில் சக்கரம் கழற்றுகிறார்கள்.
பத்தரைக்கு இல்லத்தரசிகள் நேரம்:
ஒற்றை முட்டையில் கேக்,
பழைய திரைச்சீலையில் குளிர்கோட்டு.
ஐஸ் நீரில் கைக்குட்டையை முக்கிக் கழுத்தில் போட்டபடி
கம்பளி உள்சட்டை துவைக்கும் முறையை
ஒரு சொல் விடாமல் கேட்டேன்.
இந்துஸ்தானியில் ஈசாவுக்கும் சொன்னேன்.
யோசித்தான்.
"போரில் ஜெயித்தது இவர்கள்தானே?
அப்புறம் ஏன் ஒரு முட்டை?"

ஒன்றிலிருந்து நான்கு வரை நிலையம் தூங்கும்.
வெயிலில் நெளிந்த தட்டுகளைக்
கண்ணாடிக்கு அடியில் வைத்து
மேலே பைபிளையும் பிளைத்தின் பூட்ஸையும் ஏற்றுவேன்.
அன்று ஷமால் காற்று வேறு.
பள்ளத்தில் விழுந்த மணலை
ஒட்டக முடித் தூரிகையால் கூட்டிக் கூட்டி
கண் பூத்துப்போயிற்று.

ஏழரைக்கு நகைச்சுவை.
ஒரு கர்னல், அவருடைய கிளி,
நிலக்கரி தராத வீட்டுக்காரி.
நிலக்கரி என்றால் ஏன் சிரிக்கிறார்கள்?
தகரத்தில் வந்த மீன் நாறியதற்கு ஏன்?
எங்கள் ஊரில் மீன் நாறினால் விலைதான் இறங்கும்.

ஆனால் ஒன்பதாம் வளையத்துக்கு அப்பால்
மயிரிழையாய் ஒரு கோடு உண்டு.
எல்லாரும் சிரித்து ஓய்ந்து,
கர்னல் மூச்சு இழுக்கும் இடுக்கில்
ஒரே ஒரு பெண், தனியாக,
ஹீ என்று.
எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.
பாவம், என்னைப்போல
உள்ளுக்குள் மொழிபெயர்த்து முடிக்க
நேரம் பிடிக்கிறது அவளுக்கு
என்று நினைத்திருந்தேன்.

கதவைத் தட்டாமல் வந்தான் ஒரு புதுப் பையன்,
மூக்குத் தோல் உரிந்து, பெயர் நோரிஸ்.
"அது என் அத்தை" என்றான்.
"குண்டு விழுந்த வருஷம் காது போயிற்று.
சீட்டு கிடைத்தால் போதும், போய்விடுவாள்.
பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பதைப் பார்த்துத்தான்..."
மீதியைச் சொல்லவில்லை.

பிளைத் பீர் வாங்கப் போயிருந்தார்.
ஊசியைத் தூக்கினேன்.
ஒன்பதாம் வளையத்துக்கு ஒரு விரல் முன்னால் வைத்தேன்.
மெஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் ஹாங்கரிலும்
மீன் மறுபடி நாறியது,
லண்டன் மறுபடி வெடித்தது,
ஓய்ந்தது.
ஹீ.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
என்னைப் பார்த்து ஈசாவுக்கு வந்தது,
அவனுக்கு வந்தால் லேசில் நிற்காது.
பையன் மட்டும் ஒலிபெருக்கியில் காதை வைத்து நின்றான்.
அப்போதுதான் சிவப்பு விளக்கைப் பார்த்தேன்.
மைக்.

பிளைத் நுரையோடு ஓடி வந்தார்.
"யார் அது, தட்டில் இல்லாத சிரிப்பு?"
பதிவேட்டில் எழுதச் சொன்னார், எழுதினேன்:
தட்டு நாற்பத்தொன்று, ஊசி நழுவியது.
பக்கத்துக் கட்டத்தில் ஏற்கெனவே இருந்தது
ஒப்பந்தக் கெடு: மாதம் முப்பத்தொன்று,
உடைத்துச் சான்று அனுப்பவும்.

பத்தே காலுக்கு ராஜ கீதம். இப்போது ராணிக்கு.
மைக்கை மூடியதும் ஈசா விசிறியைப் போட்டான்.
நாளைய நிகழ்ச்சித் தாள்கள் எல்லாம்
பறந்து போய்
ஐஸ் தொட்டியில் விழுந்தன.