ஒரு சாண்

கொழும்பு பஸ்ஸில்
மடியில் வைத்துக் கொண்டுவந்த பொலித்தீன் பை.
உள்ளே பெருவிரல் அளவில் இரண்டு பவளம்.

பச்சையை மேலே, வெளிச்சத்துக்குக் கிட்ட.
மூளைபோலச் சுருண்டதை அடி மணலில்.
இடையில் ஒரு சாண், கட்டாயம்.
ராவானால் இதுகள் நூல் நீட்டிப்
பக்கத்துக்காரனைச் சுடும்.

கொக்குவிலில் பிறந்தவனுக்கு
இதைப் படிப்பிக்கத் தேவையில்லை.
சிற்றம்பலத்தாரின் கிடுகுவேலி
இரவிரவாய் நகர்ந்து
எங்கள் பூவரசை விழுங்கினதில்
பதினொரு வருஷ வழக்கு.

பத்து மணி. பம்பை நிற்பாட்டி
டோர்ச்சில் சிவப்புத் தாள் சுற்றி
இறால் அரைத்த தண்ணியைச்
சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாய் விடுகிறேன்.
அவசரப்பட்டால் துப்பிவிடும்.
வாயா பூவா என்று தெரியாத ஒன்று
மெல்ல
மூடிக்கொள்கிறது.

திரும்பப் பம்பைப் போட, கரண்ட் இல்லை.
தண்ணி அசையாமல் நிற்கிறது.
சட்டியால் அள்ளி அள்ளி ஊற்றுகிறேன்.

வேலிக்கு அங்கால் ஜெனரேற்றர் இருமுகிறது.
"தம்பி" என்றொரு குரல்.
போனால், கிடுகை விலக்கிக்கொண்டு
ஒரு வயரின் தலை.
"பிடி. உன்ர மீன் செத்துப்போகும்."

மீன் இல்லை என்று
சொல்லவில்லை.
பிளக்கைக் குத்தினேன்.

வெள்ளிக்கிழமை
இரண்டு பேருக்கும் தவணை.