ஆட்சேபணை எண் நாற்பத்தொன்று

கட்டண உயர்வு குறித்த பொது விசாரணை
பதினொன்றே காலுக்குத் தொடங்கியது.
வசந்தநகர் மாடியில் மேடைமேல் மூன்று நாற்காலிகள்.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
சுருக்கெழுத்து என்னுடையது.

ஐஸ் தொழிற்சாலைக்காரர் அழாத குறையாகப் பேசினார்.
கம்பெனி வக்கீல்
யூனிட்டுக்கு அறுபத்தெட்டுப் பைசா ஏற்றுவதை
ஒவ்வொரு முறையும் 'திருத்தம்' என்றே சொன்னார்.

நாற்பத்தொன்று.
ஞானாபரணம், மாவு மில், ஸ்ரீராமபுரம்.

எழுந்து வந்தது ஒரு பெண்.
காதோரம் இருந்தது நரையா மாவா தெரியவில்லை.
கையில் பிஸ்கட் டின்.
கன்னடத்தில் வணக்கம் சொல்லி
இரண்டாம் வாக்கியத்தில் தமிழுக்குச் சறுக்கினாள்.
"மொழிபெயர்" என்றார் தலைவர், என்னைப் பார்க்காமல்.

டின்னுக்குள் ரசீதுகள்.
அடிக்கட்டில் இரட்டைத்தலைப் பறவை: அரசு இலாகா, ஐம்பத்துநாலு.
அதன்மேல் வாரியம்.
மாநிலத்தின் பேரே மாறியபின்
அதே வாரியம், வேறு எழுத்து.
பிறகு கழகம். பிறகு கம்பெனி,
வழுவழுத் தாளில், கடைசித் தேதி சிவப்பில்.

"பேர் மாறினப்பல்லாம் டெபாசிட் கேட்டீங்க.
யார் நீங்கன்னு நாங்க கேக்கல. கட்டினோம்."

எங்கள் நூலகத்தில் சட்டங்கள் தடித்தடியாய் நிற்கின்றன.
பத்தாம் ஆண்டுச் சட்டம் கம்பம் நட உரிமம் கொடுத்தது.
நாற்பத்தெட்டு, வாரியங்களைப் பெற்றது.
தொண்ணூற்றெட்டு இந்த நாற்காலிகளைச் செய்தது.
இரண்டாயிரத்து மூன்று
மூன்றையும் விழுங்கிவிட்டு அலமாரியில் தனியாக.
இதற்கெல்லாம் நடுவே
இந்த ஊருக்குக் காவிரி
குடிதண்ணீராக வருவதற்கு எழுபது வருஷம் முன்பே
வெளிச்சமாக வந்திருந்தாள்.
எந்தத் தொகுதியிலும் அவள் கையெழுத்து இல்லை.

வக்கீல் எழுந்தார். "ஒரு சிறு விஷயம்.
ஞானாபரணம் என்பவர்?"
"மாமனார்."
"வந்திருக்கிறாரா?"
"கல்பள்ளியில இருக்கார். எழுபத்தொம்பதுலேர்ந்து."
கல்பள்ளி என்றால் கல்லறைத் தோட்டம் என்று
தலைவர் காதில் யாரோ சொன்னார்கள்.
"அப்படியானால் இந்தம்மா நுகர்வோரே அல்ல."

அவள் டின்னை மூடவில்லை.
"பேர் மாத்தச் சொல்லி நாலு தடவை எழுதிக் குடுத்தேன்.
இறப்புச் சான்று, வாரிசுச் சான்று,
மச்சினமார் ரெண்டு பேர் சம்மதம்.
சின்னவர் தரமாட்டார், அது எங்க வீட்டு ரகளை.
நீங்க நாலு பேர் மாறினீங்களே,
யார் சம்மதம் வாங்கினீங்க?"

தலைவர் என்னைப் பார்த்தார்.
"மனுதாரர் பெயர் மாற்ற நடைமுறை பற்றி
விளக்கம் கோருகிறார்" என்றேன்.
இருபத்தாறு வருஷ சர்வீஸ்.
எனக்கும் திருத்தத் தெரியும்.

மணி அடித்தது. மூன்று நிமிடம்.
ரப்பர் வளையம் ஒன்று அறுந்து
வாரியத்தின் எண்பதுகள் தரையெங்கும் சிதறின.
குனிந்து பொறுக்கும்போதுதான் பெயர் கேட்டேன்.
ரூபி பாக்கியம்.
அதை எழுத எந்தக் கட்டமும் இல்லை.

மார்ச் கடைசியில் ஆணை வந்தது,
இருநூற்றுப் பதினாலு பக்கம்.
அறுபத்தெட்டு நாற்பத்தொன்பதானது.
பின்னிணைப்பை நான்தான் தட்டச்சு செய்தேன்:

41. ஞானாபரணம். நேரில் ஆஜர்.

மூன்று பேர் கையெழுத்திட்டார்கள்.
யாரும் திருத்தவில்லை.