பென்சில் எழுத்து

ஹொஃபூஃப் ஸ்டேஷனுக்குப் பின்னால்
ரயில்வே ஸ்டோர்.
ஆணி, போல்ட், கிரீஸ் டப்பா, மண்வெட்டி.
வாங்குகிறவன் கையெழுத்துப் போட வேண்டும்.
கம்பிவலைக்கு அந்தப் பக்கம்
கீழக்கரை மகுதூம் நெய்னா,
முப்பத்தோரு வருஷம்.

தீர்ந்துபோன பதிவேடுகளின் முதுகுப் பக்கத்தில்
தண்டவாளத்தின் வரலாற்றை எழுதிவந்தார்.
எழுதச் சொன்னது யாருமில்லை.
சம்பளச் சீட்டில் அதற்கென்று
ஒரு ரியாலும் இல்லை.

எண்ணெய்க் கம்பெனி முதல் பாதை போட்டபோது
மணல் தள்ளிய பையன்கள்
இப்போது பேரீச்சந்தோப்புகளில்
ஊன்றுகோலோடு உட்கார்ந்திருப்பார்கள்.
வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும்
செயின் கழலும் சைக்கிளில் அவர்களிடம் போவார்.
"அன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள்?"
முதல் கேள்வி எப்போதும் அதுதான்.
சோறு ஞாபகம் வந்தால்
தேதி பின்னாலேயே வருமாம்.

கீழக்கரையில் அவர் முன்னோர்
தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள்.
இவர் அரபியைத் தமிழ் எழுத்தில் எழுதினார்.
நம் எழுத்துக்குள் அடங்காத ஐன் வரும் இடங்களில்
ஒரு சின்ன வட்டம்,
தொண்டைக்கு அடையாளமாக.

உறுதியானது மையில்.
சந்தேகம் பென்சிலில்.
கிலோமீட்டர் எண்பத்தெட்டு, ஒட்டகம் மூன்று: மை.
ஓட்டுநர் இறங்கி அழுதார்: பென்சில்.
ஆறு வருஷம் கழித்து
அந்த ஓட்டுநரின் தம்பி வந்து சொன்ன பிறகு
அதே எழுத்தின் மேல் மை.

பெரியவர்கள் ஒருமுறை ஆண்டுவிழா மலர் போட்டார்கள்.
வழவழத் தாள்.
ரிப்பன் வெட்டிய கத்தரிக்கோலுக்கு முழுப் பக்கம்.
நெய்னா பாய் பதினோரு பிழை கண்டு
ஒரு தாளில் எழுதி அனுப்பினார்.
பதில் இல்லை.
அடுத்த வருஷம்
பன்னிரண்டாவதை அனுப்பினார்.

இனி என் கதை.
நான் கிரேன் ஓட்டுகிறவன், திட்டக்குடிக்காரன்.
சுலைமானி குடித்த ஒரு ராத்திரி
அளந்து விட்டேன்:
இருநூற்றுப் பதினேழாம் கல்லில்
பாசஞ்சரை மணல் மூடிய இரவு
நானும் வாரினேன்,
பெட்டிக்குள் பிள்ளை பிறந்தது,
அழுகை கேட்டது என்று.
எழுதிக்கொண்டார். தலை நிமிரவில்லை.

மறுநாள் பழைய பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்.
அந்த இரவு வெளியே போன மண்வெட்டி பதினொன்று.
கையெழுத்து ஒன்பது, கைநாட்டு இரண்டு.
நான் இல்லை.

"அழித்துவிடுங்கள் பாய்."
"பொய்யும் ஒருத்தர் சொன்னதுதானே, இருக்கட்டும்."
பென்சிலைச் சீவத் தொடங்கினார்.

பிறகு அந்த மழை வந்தது.
மணலுக்குப் பழகிய கரை
தண்ணீருக்குப் பழகவில்லை.
தண்டவாளம் அந்தரத்தில்
ஏணி மாதிரி தொங்கியது.
இரண்டு இரவு இடுப்பளவு சேற்றில் நின்றேன்.
அவரிடம் சொல்லவில்லை.
சொல்லும் வாய் எனக்கு ஏது?

ஃபைனல் எக்ஸிட் அடித்த நாள்
தம்மாம் விமான நிலையத்துக்கு நான்தான் கூடப் போனேன்.
முப்பது கிலோதான் என்றது தராசு.
கம்பளியை எடுத்தார்.
மருமகனுக்கு வாங்கிய அத்தரை எடுத்தார்.
பால்பவுடர் டின், இரண்டு சட்டை.
ஒரு நோட்டைக்கூட எடுக்கவில்லை.
கம்பளியும் டின்னுமாக
நான் கடைக்காரன் போல நின்றேன்.

கயிறு தளர்ந்த கட்டிலிருந்து
ஒரு நோட்டு நழுவித் திறந்தது.
'மழை. இரண்டு இரவு.
கொளஞ்சி, கிரேன். மண்வெட்டி எண் ஒன்பது.
சாப்பிட்டது: ஒன்றுமில்லை.'
மை.

அதற்குக் கீழே, அதுவும் மையில்:
'மண்வெட்டி திரும்பி வரவில்லை.'

நிஜம்தான்.
சேற்றில் பிடி ஒடிந்துவிட்டது.
சம்பளத்தில் பிடிப்பார்களோ என்று
கட்டிலுக்கடியில்
இன்னும் வைத்திருக்கிறேன்.