மினுக்கிய தாள்

ஓல்டன் நிலையத்துக்கு எதிரே, இரண்டாம் மாடி.
கீழே பாசலும் பேர்னும் லூசர்னும்
ஒன்றையொன்று வெட்டிப் போகிற இரைச்சல்.
மேசையில் ஒரு விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி.
பருத்திக் கையுறை வேண்டாம், கழுவிய கை போதும் என்று
ஓடர்மாட் அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்.

பதினொரு மணிக்கு வந்தவர் கூரை வேய்பவர்.
ஊரி மாநிலம். பெயர் ட்ஸ்கிராகன்.
பிஸ்கட் டின்னைத் திறந்தார்.
பூட்டனாரின் தம்பி ஜார்ஜியாவுக்குப்
பாலாடைக்கட்டி செய்யப் போய்த் தோற்றுத் திரும்பியபோது
மிஞ்சிய கூலி:
பத்து டாலர் தாள்கள், பதினேழு.
அவர் கப்பல் ஏறுமுன்பே
அந்த வங்கி கதவைச் சாத்திவிட்டது.
செல்லாக்காசு. அதனால்தான் பிழைத்தது.
செல்கிற காசு எது
நூற்றறுபது வருஷம் ஒரு டின்னுக்குள் சும்மா கிடந்தது?

முதல் தாளை விளக்குக்குச் சாய்த்தேன்.
தாள் சாய்ந்தது, நிழல் விழவில்லை.
தகடு அழுத்திய மையின் மேடு
விரலுக்குத் தட்டுப்படவில்லை.
வாழைக்குருத்துப் போல ஒரு மினுக்கம்.

"நேற்றிரவு நானே மினுக்கினேன்" என்றார்,
"நீராவி வைத்து. ஒரு மடிப்பு இல்லை, பாருங்கள்."
பெருமையாகத்தான் சொன்னார்.
ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தார்,
அதிலும் ஒரு மடிப்பு இல்லை.

எப்படிச் சொல்வது?
ஒரு மடிப்புக்கு ஒரு விலை உண்டு,
நான்குக்கும் உண்டு.
மடிப்பை மறைத்த தாளை மட்டும்
எவனும் மன்னிக்கமாட்டான்.

எங்கள் ஏட்டில் எஃப் என்றால் 'நன்று'.
கசங்கியது, பல கை கண்டது, ஆனால் முழுசு.
என் அட்டையிலும் ஒன்பது வருஷம் எஃப் இருந்தது.
அங்கே அதற்கு அர்த்தம்:
இருக்கட்டும், இப்போதைக்கு.

பாசலில் விசாரணைக்குப் போன காலை
சேட்டை மினுக்கினேன். கதையையும்.
திகதிகளை நேராக்கி,
தடுமாறுகிற இடங்களை எடுத்துவிட்டு,
ஓரத்தோடு ஓரம் பொருந்த அடுக்கிக்கொண்டு போனேன்.
மொழிபெயர்ப்பாளர் முடித்ததும் அதிகாரி கேட்டாள்,
"ஒரு சுருக்கம்கூட இல்லையே?"
பிறகு நெடுநேரம் எதையோ எழுதினாள்.

தாளின் இடப்பக்கம் பருத்திக்கூடையோடு ஒருத்தி.
நியூயோர்க்கில் இருந்து செதுக்கியவன்
அவளைக் கண்டிருக்கமாட்டான்,
சிரிப்பு வைத்திருக்கிறான்.
அவளை வாங்க இப்படி எத்தனை தாள் எண்ணினார்கள் என்பது
எங்கள் பட்டியலில் வராது.
'படம்: அடிமைப் பெண்' என்று வரும்.
படத்துக்காக இருபது பிராங் கூடும்.
அதையும் நானே எழுதுவேன்.

"மினுக்காதிருந்தால் தாளுக்கு நூற்றிருபது" என்றேன்.
"இப்போது?"
"நாற்பது."
அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார்,
சூட்டுப்பெட்டியைப் பிடித்த கை.

பதினாறுதான் எண்ண வந்தது.
பதினேழாவது மூடியின் உட்பக்கம் ஒட்டிக்கொண்டு
நேற்றிரவுக்குத் தப்பியிருந்தது.
நான்காய் மடித்தது.
மடிப்புகள் சந்திக்கும் இடத்தில் ஊசித்துளை,
அதற்குள் என் விளக்கு.
வெறுமையான பின்பக்கத்தில் பென்சில்,
பழைய ஜெர்மன் எழுத்து. மெதுவாக வாசித்தேன்:
உப்பு. ஆணி. யோசெஃபாவுக்குக் கடிதம்.

"எழுத்து இருந்தால் விலை இறங்கும்" என்றேன்,
பழக்கதோஷம்.

"எழுதினாரா?"
"யார்?"
"அவர். யோசெஃபாவுக்கு."

பதினாறையும் ஏலத்துக்குக் கொடுத்தார்.
படிவத்தில் 'அழுத்தப்பட்டவை' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில்
கையெழுத்து வைத்தார்.
மற்றதை எடுத்து
அதே கோடுகளில், அதே வரிசையில், நான்காய் மடித்து
சட்டைப்பைக்குள் வைத்தார்.
மடிக்க வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவருக்கு லூசர்ன் ரயில் பன்னிரண்டு ஆறுக்கு.