இன்மை அறிக்கை

வெள்ளிக்கிழமை இரண்டரைக்கு வந்தது மின்னஞ்சல்.
நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டுமாம்.
மாணவர் அணிந்துவரும் சமய அடையாளங்கள்,
வகுப்பு வாரியாக, எண்ணிக்கையில்.
ஏழு கலம்.
எட்டாவது, ‘இதர’.

எதற்கு என்று கேட்க
இளநிலை உதவியாளருக்கு அதிகாரம் இல்லை.
தாளை அட்டையில் செருகிக்கொண்டு மாடியேறினேன்.

ஏழாம் வகுப்பு அ பிரிவு.
திரிவேணியின் கழுத்தில் கறுப்புக் கயிறு, வெள்ளித் தாயத்து.
“எங்க கட்டினது?”
ஜன்னலைக் காட்டினாள்.
சையத் பாஷா மலை வெயிலில் உரித்துப்போட்டதுபோல் நின்றது.
“காய்ச்சல் நிக்கல மிஸ். அப்பா மேல ஏறிப்போயி
மந்திரிச்சு வாங்கிட்டு வந்தாரு.”
அப்பா வருஷந்தோறும் திருப்பதிக்கு நடக்கிறவர்.
எந்தக் கலத்தில் போட?
கட்டிக்கொண்ட கழுத்தின் மதத்திலா,
முடிச்சிட்ட விரலின் மதத்திலா,
காய்ச்சலுக்கென்று ஒரு மதம் இருந்தால் அதிலா?

பென்சிலால் ஒரு புள்ளி வைத்து நகர்ந்தேன்.

விபூதி இன்னும் கஷ்டம்.
காலைக் கூட்டத்தில் முப்பது நெற்றி என்றால்
மூன்றாம் பீரியடில் பன்னிரண்டு,
பி.டி. பீரியடுக்குப் பிறகு வெறும் தோல்.
எத்தனை மணி நிலவரம் என்று படிவத்தில் இல்லை.

பத்தாம் வகுப்பில் என்னைப் பார்த்ததும்
முபினா முக்காட்டின் ஊசியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.
எலத்தகிரி ஜெசிந்தா சிலுவையைச் சட்டைக்குள் விட்டாள்.
நான் ஒரு வார்த்தை பேசவில்லை.
கையில் அட்டை இருந்தது, அதுவே போதும்போல.
மேசைக்கடியில் மாங்காய்க் கீற்றும் மிளகாய்ப்பொடியும்.
அதற்குக் கலம் இல்லை. பார்க்காததுபோல் வந்துவிட்டேன்.

பள்ளிக்கூடம் வெறும் நெற்றியோடு இருக்கட்டும்
என்று நினைத்தவள்தான் நானும்.
போன ஆடியில் பஸ் ஸ்டாண்டில்
மணிக்கட்டுக் கயிற்றின் நிறம் பார்த்து
அடித்துக்கொண்டார்கள் பிளஸ் ஒன் பையன்கள்.
மாதையனின் முன்பல்லைக்
கைக்குட்டையில் மடித்து எடுத்து வந்தவள் நான்.
மறுநாள் வாசலில் நின்று
காகிதம் வெட்டும் கத்தரிக்கோலால்
வந்த கையையெல்லாம் வெட்டி அவிழ்த்தேன்.
கை நடுங்கவில்லை. இன்றும் அதில் வருத்தமில்லை.
ஆனால் அந்த வரிசையில் ஒருவன்,
ஆறாம் வகுப்பு, பேர் மறந்துவிட்டது,
“இது அது இல்ல மிஸ், ஆஸ்பத்திரியில இருக்கறப்ப
அம்மா கட்டினது” என்றான்.
கத்தரிக்கோல் அதற்குள் மூடிவிட்டிருந்தது.

நாலடிக்கப் பத்து நிமிஷம்.
அலுவலகத்தில் உட்கார்ந்து சுற்றிலும் பார்க்கிறேன்.
பீரோவில் மூன்று சந்தனப் பொட்டு,
போன ஆயுத பூஜையுடையது.
பிரிண்டரின் நெற்றியில் குங்குமம்.
யு.பி.எஸ்ஸுக்கும் உண்டு.
மாலை காய்ந்து அலமாரிமேல் சரஸ்வதி.
என் கழுத்தில் தாலி, காலில் மெட்டி.
படிவம் மாணவரை மட்டுமே கேட்கிறது.
எனக்கும் பிரிண்டருக்கும் கலம் இல்லை.

தலைமையாசிரியர் கண்ணாடியை உயர்த்தி
என் புள்ளிகளைப் பார்த்தார்.
“இதையெல்லாம் எழுதினா
திங்கக்கிழமை டிவிக்காரங்க வாசல்ல நிப்பாங்க.
இன்மைன்னு போட்டு அனுப்பும்மா.”

எல்லாக் கலத்திலும் இன்மை.
இதரவிலும்.
எழுநூற்றுப் பதினாறு பிள்ளைகள்.
கும்பிடாதவர்கள், தொழாதவர்கள்,
காய்ச்சலே வராதவர்கள்.

அனுப்பியாயிற்று. கோப்புக்கு ஒரு நகல்.
குங்குமம் வைத்த இயந்திரம்
அதை முனகிக்கொண்டே வெளியே தள்ளியது.

அடி டிராயரில் ஒரு பிஸ்கட் டப்பா.
ஆடியில் வெட்டிய கயிறுகள் அதில்தான் கிடக்கின்றன.
எறியச் சொல்லி யாரும் ஆணை தரவில்லை.
எது சாதி, எது சாமி, எது அம்மா,
ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன.
ஒரு நுனியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன்.
மொத்தமும் கூடவே வந்தது.

பர்கூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.