ஸ்டாட் முனைக்கு இருபது மைல்

பகல் பதினொன்றே கால்.
ஈயத் தகடாய்க் கிடந்தது கடல்.
வானொலிப் பெண் நிதானமாகச் சொன்னாள்:
மாலை ஆறுக்கு மேல் தென்மேற்குக் காற்று,
ஸ்டாட் முனையில் பெரும்புயல்.
முனைக்கு இருபது மைல்,
மணிக்கு ஐந்து, நாலு மணி நேரம்.
கணக்கு எங்கள் பக்கம்தான் இருந்தது.

காற்றழுத்தமானி காலையில் ஆயிரத்து நான்கு.
கண்ணாடியை விரலால் தட்டினேன்.
முள் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டுக்கு
நழுவி, நின்றது.
"பழைய கருவி" என்றேன்.
டோர்டிஸ் ஒன்றும் சொல்லவில்லை.

பேசாதபோது அவள் நாக்கு
மேல்வரிசைப் பொய்ப்பல்லைத் தேடிப் போகும்.
ஆறு வருஷம் முன், ஸ்மோலாவுக்கு வெளியே
இன்னும் அரைமணி பார்க்கலாம் என்றவன் நான்.
அந்த அரைமணியில்
பாய்க்கட்டை திரும்பி அடித்துப் போன பல்.
அதைப்பற்றி நாங்கள் பேசியதில்லை.

எங்களைத் தாண்டி வடக்கே போனது 'லோம்வி'.
பின்தளத்தில் நின்ற ஆஸ்கெய்ர்
காபிக் கோப்பையை உயர்த்திக் காட்டினான்.
கையசைத்தேன்.
கை இறங்குமுன் படகு சாய்ந்தது.
சுக்கானைக் கிழக்கே திருப்பிவிட்டிருந்தாள்,
ஒரு வார்த்தை கேட்காமல்.
பாய்க்கயிற்றை இழுத்தேன், வேறென்ன செய்ய.

மோலெய்த் துறையில் நான்கு கயிறு,
அவள் சொல்லி மேலும் இரண்டு.
ஓர் இரவுக் கூலி முந்நூற்றிருபது குரோனர்.
ஐந்து மணிக்கு வெயில்.
ஆறு மணிக்கும் வெயில்.
கம்பியில் என் காலுறைகள் காய்ந்து விறைத்தன.
ஏழரைக்கு ஆஸ்கெய்ரின் செய்தி:
'முனை பால்போலக் கிடந்தது.
ஃபோஸ்னவோகில் இறால் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.'
படித்துக் காட்டினேன்; காட்டியிருக்க வேண்டாம்.
உருளைக்கிழங்கின் கண்களைத் தோண்டியபடி
"நல்லது" என்றாள்.

இந்த ஊர்ப் பாலத்துக்கு ஒரு குணம் உண்டாம்,
கூலி வாங்கியவர் சொன்னார்:
ஒரு திசையிலிருந்து காற்று வலுத்தால்
ஒரே சுரத்தில் பாடும்.
படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தோம் இருவரும்,
தூங்குவதாக நடித்துக்கொண்டு.

பத்துக்குப் பாடவில்லை.
ஒன்றுக்கும் இல்லை.
வந்து தொலையேன் என்று
புயலை வேண்டிக்கொண்டேன், வெட்கமில்லாமல்,
அவளுக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டு,
அந்நேரம் வெளியே எத்தனை விளக்குகள்
அலைமேல் இருக்கும் என்று எண்ணிப் பாராமல்.

நாலு மணிக்குக் கயிறுகள் முனகின.
பிறகு எங்கோ மேலே, மெல்லிசாக,
கோப்பை விளிம்பில் ஈரவிரல் ஓட்டியதுபோல்.

இருட்டில் அவள் கை நீண்டு வந்தது.
என்னைத் தாண்டிப் போய்
சன்னல் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தது.
"இன்னொரு கயிறு போடலாம்" என்றாள்.

எழுந்தோம்.